பொருந்தாக் கையெழுத்து

…ஆயினும் கை என்னுடையதுதானே, அதை எவரும் மறுக்க முடியாதே என்று வெண்டல் ஸ்டோக்லி மறுபடியும் எண்ணினார், எண்ணியவாறே காரின் பின்னிருக்கையில் அந்த வலக்கையைத் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் அமர்ந்துகொண்டார், அங்கும் அது அடங்கவில்லை, பிடிபட்ட காடையைப் போல் துடித்துக்கொண்டேயிருந்தது. சட்டைப் பையில் கடிதம் இருந்தது. அதை எடுத்துப் படிக்க வேண்டிய தேவையில்லை, நான்கு வரிகளும் மனப்பாடம். உறையின் மேலுள்ள கையெழுத்து, தாங்கள் அளித்த விண்ணப்பத்தின் கையெழுத்தோடு பொருந்தவில்லை, எனவே தங்கள் அஞ்சல் வாக்கு நிராகரிக்கப்பட்டது, நேரில் வந்து சரிசெய்துகொள்ளலாம்… முப்பது ஆண்டுகள் டெக்சஸ் மாநிலத்தின் செனட்டராக இருந்தவன், ஆறாம் முறையாக மக்களிடம் வாக்குக் கேட்டுக்கொண்டிருப்பவன், அவனுடைய சொந்த வாக்கை அவனுடைய சொந்த மாவட்டம் செல்லாது என்று தள்ளிவிட்டது. வேடிக்கைதான். வேறொருவனுக்கு நேர்ந்திருந்தால் தாமே மேடையில் சொல்லிச் சிரித்திருப்பார். சன்னலுக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையின் வேலி வந்தது, வேலியில் அவருடைய பலகை. வெள்ளைப் பலகையில் சிவப்பு நிறத்தில் பெயர், அச்செழுத்தில் அன்று, அவருடைய கையெழுத்தாகவே, இறுதியில் மாடு பிடிக்கும் கயிற்றைச் சுழற்றி வீசினாற்போல ஒரு வளையத்தோடு. முதல் தேர்தலில் அவருடைய மனைவி லொரேன் சொன்ன யோசனை அது. அடுத்த வேலியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். மைல் கணக்காக அந்தக் கையெழுத்து அவருக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தது, இளமையோடு, சிறு பிசிறுமில்லாமல்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பொறி. வாஷிங்டன் அலுவலகத்தின் உள்ளறையில் ஓர் இரும்புக் கரம், அதன் நுனியில் பேனா, அடியில் ஓர் அச்சு. முப்பது ஆண்டுகளுக்கு முன் பதவியேற்ற வாரத்தில் அவரை உட்காரவைத்து இருபது முறை கையெழுத்திடச் சொல்லி, அவற்றுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து வார்த்த அச்சு. வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் நன்றிக்கும் அதுதான் கையெழுத்திடும். ஊழியர்கள் அதற்குச் ‘சின்ன வெண்டல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், சின்ன வெண்டலுக்கு மை ஊற்று, சின்ன வெண்டலுக்கு இன்றைக்கு ஓய்வு என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். இவ்வாண்டுத் தொடக்கத்தில் அஞ்சல் வாக்கு கோரும் விண்ணப்பம், அறுபத்தைந்தைக் கடந்த எவரும் அனுப்பக்கூடிய ஒற்றைத் தாள், நானூறு நன்றிக் கடிதங்களோடு கலந்து பொறிக்குள் போய்விட்டது. எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. கட்டுக்கட்டாகப் போகும் இடத்தில் ஒரு தாளை யார் பார்க்கிறார்கள்? பிறகு வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தது, அவர் சமையலறை மேசையில் அமர்ந்து, உறையின்மேல் தம் கையால், இந்தக் கையால், கையெழுத்திட்டார். அது கோணிக்கொண்டு, முதலெழுத்தின் மூன்றாம் கோட்டில் உடைந்து, வளையம் வளையமாகாமல் பாதியில் வாடிப்போயிற்று. லொரேன் பார்த்தாள்.  அவள் எதையும் சொல்வதில்லை, செய்துவிடுவாள். சென்ற இலையுதிர் காலத்தில் அவருடைய சட்டைகள் அனைத்திலும் பொத்தான்களை அகற்றிவிட்டு, மாடு மேய்ப்பவர்கள் அணியும் அழுத்துப் பொத்தான்களை வைத்துத் தைத்தாள், ஒரே அழுத்தில் பூட்டிக்கொள்ளலாம். செனட்டர் தம் வேர்களுக்குத் திரும்புகிறார் என்று ஒரு நாளிதழ் புகழ்ந்து எழுதியது. கைகுலுக்கும்போது எதிராளியின் கையை இரு கைகளாலும் பொத்திக்கொள்ளும் வழக்கமும் அவ்வாறு வந்ததே, நடுக்கத்தை நடுவில் வைத்து அமுக்கிக்கொள்ள. அதை அவருடைய கனிவு என்றார்கள். மருத்துவர் என்ன சொன்னார்… பெரிய நோய் இல்லை, இப்போதைக்கு இல்லை. இப்போதைக்கு என்ற சொல்லை மருத்துவர்கள் ஏன் எப்போதும் இறுதியில் வைக்கிறார்கள்?

காலையில் தொலைபேசியில் ட்ரெண்ட் கோல்விக் கத்தியது இன்னும் காதில் இருந்தது. ட்ரெண்ட்தான் இந்தத் தேர்தலை நடத்துகிறவன், கெட்டிக்காரன், உறங்காதவன். “ஒத்த ஓட்டு செனட்டர், விட்டுத் தொலைங்களேன்! இன்னும் ஆறே நாள். பிக்கெட்டுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணரை சதவீதம். இப்ப போய் அந்த ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துப் போடப் போறேங்கிறீங்க, அந்தக் கேமராக்காரி மார்லீன் பின்னாடியே வருவா, உங்க கை ஆடுறத சாயங்காலத்துக்குள்ள மாநிலமே பார்க்கும். அப்புறம் நான் எதை வச்சு ஜெயிக்கிறது?” என்றான். போகத்தான் போகிறேன் என்றதும் சிறிது நேரம் மூச்சு மட்டும் கேட்டது. “சரி, போங்க. ஆனா மெஷின் பேச்ச மட்டும் எடுக்காதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன். ரெண்டு கையெழுத்தையும் காட்டி உங்களோடதான்னு கேப்பாங்க. ஆமான்னு ஒரே வார்த்தை. முடிஞ்சுது.” ஒரே வார்த்தை. எதிர்த்து நிற்கும் டாரல் பிக்கெட் நாற்பத்து நான்கு வயதினன், எந்த ஊருக்குச் சென்றாலும் மேடையேறியதும் ஒரு கையால் பத்துத் தண்டால் எடுத்துக் காட்டுகிறான், கூட்டம் எண்ணுகிறது, ஒன்று, இரண்டு… முப்பது ஆண்டு வேலைக்கு எதிரே பத்துத் தண்டால். ஆனால் கூட்டம் எண்ணத்தான் செய்கிறது.

“சார், கொலாச்சி வேணுமா? ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது,” என்றாள் லூப்பே அர்ரெடோண்டோ, பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்குக் கார் ஓட்டுபவள், கண்ணாடி வழியே அவரைப் பார்த்தபடி. காலையில் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய பழம் வைத்த பன், மடியில் காகிதத் துடைப்பானோடு அப்படியே இருந்தது. துடைப்பானில் அவர் ஏழு முறை கையெழுத்திட்டுப் பார்த்திருந்தார். ஏழும் ஏழு திசையில். “நீ சாப்பிடு,” என்றார். “நான் சாப்பிட்டா டாக்டர் திட்டுவாரு. பின்னாடி அந்தப் பச்சை வண்டி வருது பாருங்க, மார்லீன் அம்மாவுக்கு வேணா குடுத்துடலாம், பாவம், காலைலேர்ந்து நம்ம பின்னாடியே பட்டினியா வர்றா.” அவர் சிரித்தார். பிக்கெட்டின் ஆள்கள் பிப்ரவரியிலிருந்து அந்தப் பெண்ணை அவர் பின்னால் அனுப்பியிருந்தார்கள், அவர் தடுமாறும் கணத்துக்காக நாள் முழுதும் காத்திருப்பதே அவளுடைய தொழில். ஐம்பது வயதிருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருப்பாள், மடக்கு நாற்காலியொன்றைச் சுமந்துகொண்டு திரிவாள். இம்மூன்று மாதங்களில் லொரேனைவிட அதிகமாக அவரைப் பார்த்தவள் அவளே. கையைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியாதா? தொப்பியை ஏன் எப்போதும் வலக்கையில் பிடித்திருக்கிறார் என்று ஒரு முறையேனும் நினைத்திருக்க மாட்டாளா?

ஆனால் ட்ரெண்டிடம் அவர் சொல்லாத ஒன்று இருந்தது, லூப்பேயிடமும் சொன்னதில்லை. எமில் கோவார். இதே மாவட்டத்தில் வைக்கோல் விளைவித்தவர், பெரிய கைகள், தேவாலயத் திடலில் வெயிலில் இறைச்சி வாட்டியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடக்கையால் எழுதப் பழகினார், அந்த இடக்கையால் கையெழுத்திட்டு அனுப்பிய வாக்கு பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது. மனைவி ஆக்னஸ் செனட்டருக்கு எழுதினாள். மூன்று பக்கம், மைக் கறையோடு. அவர் அதைப் பார்க்கவேயில்லை. பதில் மட்டும் போயிற்று: தங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறேன், விதி எல்லோருக்கும் ஒன்றே, தங்கள் கணவர் மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் சென்று மறுபடியும் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்… படுக்கையிலிருந்து எழ முடியாத மனிதரை! கீழே சின்ன வெண்டலின் கையெழுத்து, வளையத்தோடு. ஈராண்டுகளுக்குப் பின் எமிலை அடக்கம் செய்த நாளில், தேவாலயக் கூடத்தில், ஆக்னஸ் அந்தக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள். “எவ்வளவு அழகா இருக்கு செனட்டர் உங்க கையெழுத்து. எங்க எமிலுக்கு இப்படி வரலியே,” என்றாள். அவர் என்ன சொன்னார்? நன்றி அம்மா என்றார். முப்பது ஆண்டுப் பழக்கம், எவர் எதை அழகென்றாலும் வாய் தானாக நன்றி சொல்லிவிடும். நன்றி அம்மா! திரும்பிச் செல்லும் வழியில்தான் கடிதத்தைப் படித்தார்.  எனவே இன்று போகத்தான் வேண்டும். நேரில் சென்று மறுபடியும் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியவன் நான், இல்லை, எழுதாதவன்… எவனாயினும், கால்கள் இரண்டும் இருக்கிறவன் போகட்டும்.

மாவட்ட அலுவலகம் நீதிமன்றத்தின் பின்புறம், குளிர்சாதனம் ஓலமிடும் ஒரு தாழ்ந்த கட்டடம். வாசலில் பச்சை வண்டியும் வந்து நின்றது. மார்லீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டே இறங்கி, கேமராவைத் தோளில் ஏற்றினாள். “என்ன செனட்டர் சார், வழில கூட்டமே இல்லியே, இங்க என்ன வேலை? அலுத்துப்போய் ராஜினாமா குடுக்க வந்தீங்களா?” “உனக்கு முதல்ல சொல்லாமலா மார்லீன்?” லூப்பே காகிதப் பையை நீட்டினாள். “இந்தா, கொலாச்சி. விஷம் வைக்கல.” “வச்சாலும் சாப்பிடுவேன் லூப்பே, அவ்வளவு பசி,” என்றாள் அவள், ஒரு கையால் தின்றுகொண்டே, மறுகையால் படம்பிடித்துக்கொண்டே பின்னால் வந்தாள். அவர் தொப்பியை வலக்கைக்கு மாற்றினார். மாற்றியதும் தமக்கே வெட்கமாக இருந்தது. அதை லூப்பேயிடம் கொடுத்தார். அவள் அவர் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் அதை வேறொருவர் கையில் கொடுத்ததில்லை.

மேசைக்குப் பின்னாலிருந்தவர் மாவட்டத் தேர்தல் அலுவலர் திருமதி ஓட்டிலியா கிரீர், கழுத்தில் சங்கிலியிட்ட கண்ணாடி, எதற்கும் குரலை உயர்த்தாதவர். செனட்டரைக் கண்டு எழவில்லை. அது வெண்டலுக்குப் பிடித்திருந்தது. “உக்காருங்க செனட்டர். அடையாள அட்டை இருக்கா?” “அம்மா, என் மூஞ்சி போதாதா?” “வெளில வேலியெல்லாம் உங்க பேருதான் இருக்கு, மூஞ்சி இல்லியே,” என்றார் கிரீர், சிரிக்காமல். வரிசையில் நின்ற இரண்டொருவர் சிரித்தார்கள். அட்டையை எடுத்தார், இடக்கையால். கிரீர் இரண்டு தாள்களை மேசையில் அருகருகே வைத்தார். விண்ணப்பம். உறை. ஆ, எவ்வளவு வேறுபாடு. ஒன்று குதிரையேறிச் செல்கிறது, மற்றது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. கையெழுத்துகளைச் சரிபார்த்த குழுவைக் குறை சொல்ல முடியாது, நானே அமர்ந்திருந்தாலும் தள்ளியிருப்பேன், இந்தக் கிழவன் எவனோ நம் செனட்டரின் வாக்கைத் திருடப் பார்க்கிறான் என்று சொல்லியிருப்பேன்… “ரெண்டும் உங்களோடதா? உறுதி சொல்லணும்,” என்றார் கிரீர். ஆம் என்று ஒரே வார்த்தை. ட்ரெண்டின் மூச்சு காதில் கேட்டது. கேமராவின் சிவப்புப் புள்ளி இடப்புறம், கண்ணின் ஓரத்தில். ஒன்றரை சதவீதம். ஊர்க் கூட்டங்கள், இருநூற்றைம்பத்து நான்கு மாவட்டங்கள், அறுவடைத் திருவிழாக்கள், இறந்தவர்களின் வீடுகள், எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லின்மேல் சாய்ந்து நின்றன. அழகான கையெழுத்தைத் தம்முடையது என்றால் ஆக்னஸின் மூன்று பக்கங்களுக்குப் பதில் எழுதியவரும் தாமே என்றாகும். இல்லையென்றால் எழுதியவர் எவருமில்லை என்றாகும். இரண்டில் எது கேவலம்?

“கோணலா இருக்கே, அது என்னோடது,” என்றார். தம் குரல் மேடைக் குரலாக இல்லாததைக் கவனித்தார். “நல்லா இருக்கிறது என்னோடது இல்லம்மா. ஆபீஸ் மெஷின் போட்டது. கட்டோட கட்டா போயிடுச்சு. நான் பார்க்கல. பார்த்திருக்கணும்.” பின்னால் லூப்பேயின் கையிலிருந்து தொப்பி கீழே விழுந்த ஓசை. கிரீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நீண்ட நேரம் துடைத்தார். “அப்ப விண்ணப்பமே செல்லாது செனட்டர். அதை நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். என்ன கேள்வி வருமோ நீங்கதான் பதில் சொல்லணும்.” “சொல்றேன்.” “அஞ்சல் ஓட்டை ரத்து பண்ணிட்டு, பக்கத்து அறைல நேர்ல போட்டுட்டுப் போங்க. ரத்துக்கு இங்க ஒரு கையெழுத்து.” பேனா வந்தது. சங்கிலியிட்ட, மலிவான, முனை தேய்ந்த பேனா. வலக்கை மேசைக்கு மேலே வந்தது, வெளிச்சத்தில், எவரும் பார்க்கலாம் என்பதைப்போல, ஆடிற்று.  ஓரக்கண்ணில் சிவப்புப் புள்ளி மெல்லக் கீழே இறங்குவதைக் கண்டார். மார்லீன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டிருந்தாள், உதட்டில் பன் துகள், பார்வை தரையில். இதற்காக அல்லவா மூன்று மாதம் அலைந்தாள்! இரக்கம்… இதை மட்டும் அவரால் தாங்க முடியாது, தண்டால்களைத் தாங்கலாம். “மார்லீன்,” என்றார் திரும்பாமல். “ஏத்து.” “சார்…” “உனக்குச் சம்பளம் குடுக்குறது பிக்கெட்தானே, நான் இல்லியே. ஏத்து. நேரா எடு. பாதியா எடுத்துப் போட்டீங்கன்னாத்தான் எனக்குக் கோவம் வரும்.” சிவப்புப் புள்ளி மேலேறியது. அவர் எழுதினார். முதல் கோடு, இரண்டாம் கோடு, மூன்றாவதில் எழுத்து உடைந்தது, அவர் நிறுத்தவில்லை, உடைந்த இடத்திலிருந்து தொடர்ந்தார், ஒவ்வோர் எழுத்தாக, வெயிலில் கல் சுமப்பவனைப் போல, வியர்வை புருவத்தில் இறங்கிற்று, கடைசி வளையம் மட்டும் வராமல் ஒரு வாலாக நின்றது. நேரம் எவ்வளவு ஆயிற்றோ. கிரீர் தாளை எடுத்து உறைக்கருகில் பிடித்தார். “அதே இடத்துல உடையுது,” என்றார், தமக்குத்தாமே. “மூணாவது கோட்டுல. ரெண்டும் ஒரே கைதான்.” அதே இடத்தில். நடுக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டா என்ன? துடைப்பானில் ஏழு முறை எழுதியும் அவருடைய கண்ணுக்கு அது தெரியவில்லையே.

பக்கத்து அறையில் திரைக்குள் அமர்ந்து தம் பெயருக்கு நேரே வாக்கிட்டார். அங்கே கேமரா இல்லை, கையெழுத்தும் இல்லை, ஒரு விரலால் தொட்டால் போதும், பிக்கெட்டின் பெயர் அரை விரற்கடை கீழே இருந்தது, விரல் ஆடியது, இருமுறை சரிபார்த்தார். வெளியே வந்தபோது கிரீர் ஒரு நகலை நீட்டினார். “நிராகரிச்ச குறிப்பு. உங்களுக்குச் சேரவேண்டியது.” அடியில் சரிபார்ப்புக் குழுவின் ஐந்து சுருக்கொப்பங்கள், இருவர் பொருந்துகிறது என்றும் மூவர் பொருந்தவில்லை என்றும். கடைசி ஒப்பத்தில் அவருடைய கண் நின்றது. ஆ. கோ. “இது யாரும்மா?” “ஆக்னஸ் கோவார். போன வருசம் தானா வந்து குழுல சேர்ந்தாங்க. ரெண்டு ரெண்டா நின்னுது, அவங்கதான் கடைசி. பூதக்கண்ணாடி வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க.” “என்ன சொன்னாங்க?” கிரீர் யோசித்தார். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லிட்டு ஒப்பம் வச்சாங்க.”  “எப்படிச் சொன்னாங்க? கோவமாவா?” “கோவமா? இல்லியே. சாதாரணமாத்தான் சொன்னாங்க,” என்றார் கிரீர், அடுத்தவரை அழைத்தபடி.

சாதாரணமாக… கார் மறுபடியும் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது, வேலிகளில் பலகைகள் மறுபடியும் தொடங்கிவிட்டன, பச்சை வண்டி பின்னால் இல்லை, மார்லீன் படத்தை அனுப்ப எங்கேனும் நிறுத்தியிருப்பாள், தொலைபேசி நான்காம் முறையாக அதிர்ந்து ஓய்ந்தது, ட்ரெண்ட். எடுக்கலாம், எடுத்துச் சொல்லலாம், ஆறு நாள் இருக்கிறது, கையைக் காட்டியே வாக்குக் கேட்கிறேன், அடுத்த ஊரில் தொப்பியில்லாமல் மேடையேறுகிறேன், தோற்றால் இந்தக் கையோடு தோற்கிறேன் என்று. சொல்லத்தான் போகிறார். ஆனால் சாதாரணமாக என்றால் எப்படி? உறையின்மேல் பெயர் இருந்தது, எவருடைய வாக்கென்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்குள் அந்த உடைந்த கோட்டைப் பார்த்தபோது எமிலின் இடக்கையைப் பார்த்தாளா, பார்த்தும் தள்ளினாளா, பார்த்ததனால்தான் தள்ளினாளா? அல்லது, கைப்பையில் ஈராண்டு சுமந்த அந்த அழகிய கையெழுத்தே செனட்டருடையது என்று நேர்மையாகவே நம்பினாளா, பாவம், அப்படித்தானே அவளுக்குக் காட்டியிருந்தோம்… “சார், அடுத்த கூட்டம் நாலு மணிக்கு. நேரா போகட்டுமா?” என்றாள் லூப்பே, தொப்பியை முன்னிருக்கையில் வைத்தபடியே. “கோவார் பண்ணை எந்தப் பக்கம்?” “அது வடக்க. திரும்பினா கூட்டத்துக்கு நேரமாயிடும். திரும்பணுமா?” அவர்  கன்னத்தில் வெயில் படும்படி அமர்ந்து, மடியிலிருந்த துடைப்பானைப் புரட்டி, மறுபுறத்தில், அன்புள்ள ஆக்னஸ் என்று எழுதத் தொடங்கினார், இந்தக் கடிதத்துக்கு வேறு எவரும் கையெழுத்திட முடியாது என்று எண்ணியவாறு. இரண்டு சொற்களுக்கு அப்பால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது, பேனா நழுவி ஒரு கோடு இழுத்தது, அந்தக் கோணல் சாலையினுடையதா தம்முடையதா என்று அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.